பின்னாலிருந்து பேசிய டீவி

வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் வந்து விழுந்தது. டொராண்டோவில் இருக்கும் ஒருவன் அல்பத்திலிருந்து எடுத்துப் போட்டது. 1989, ஆண்டு ஏழு. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிற பத்துப் பேர், நடுவில் விஞ்ஞான டீச்சர், பின்னால் வாங்கில் ஏறி நிற்கிற நெட்டையர்கள். வலது மூலையில், பாதி நெட்டையனுக்கும் சுவருக்கும் இடையில், இரும்பு ஸ்டாண்டில் ஒரு டீவி. யார் யார் என்று பேர் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போனவர்கள், இல்லாமல் போனவர்கள் என்று கொஞ்சம் மௌனம். அப்புறம் யாரோ கேட்டான்: "மச்சான், அந்த டீவி என்ன டீவி?"

மூன்று நாள் அதுதான் பேச்சு. நாற்பத்தெட்டு வயது ஆட்கள், பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கட்டணம் பற்றி யோசிக்க வேண்டியவர்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு மூலையில் கிடந்த டீவிக்காகச் சண்டை பிடித்தோம். ஒருவன் நேஷனல் என்றான். ஒருவன் பிலிப்ஸ். இன்னொருவன் சிங்கர் என்று பந்தயமே கட்டினான். நான் சோனி என்றேன், அதுவும் சும்மா இல்லை, சத்தியம் பண்ணாத குறையாக.

கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நேஷனல் என்றவன் வீட்டில் அந்தக் காலத்தில் நேஷனல் இருந்தது. சிங்கர் என்றவன் வீட்டில் சிங்கர். ஒவ்வொருவனும் தன் வீட்டு டீவியைத் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பு மூலையில் வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் அப்போது டீவியே இல்லை. ஆனால் நாங்கள் சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிற பக்கத்து வீட்டில் இருந்தது சோனி. அவர்கள் கதவைத் திறக்கும்வரை படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு பேரும் வந்துவிட்டது போல.

இன்னொருவன் இதற்கும் மேலே போனான். 1996 கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை அந்த டீவியில்தான் பார்த்தோம், இலங்கையின் அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது டீச்சரும் கை தட்டினார் என்றான். லாகூர் ஆட்டம் நடந்தது மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் பூட்டு. அதைவிட, அந்த டீச்சர் எங்களுக்குப் படிப்பித்தது ஏழாம் ஆண்டில் மட்டும். சொன்னவுடன் "அப்ப நான் எங்கே பார்த்தனான்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டான், பாவம்.

படத்தைப் பெரிதாக்கினால்

சரி, படத்திலேயே ஏதாவது கிடைக்குமா என்று உட்கார்ந்தேன். பழைய டீவிகளை அடையாளம் காண்பதற்கென்று ஒரு கூட்டமே உலகத்தில் இருக்கிறது. அவர்கள் முதலில் பார்ப்பது பேர்ப்பட்டையை. எங்கள் படத்தில் கமராவின் ஃபிளாஷ் சரியாக அந்த இடத்தில் பட்டு வெள்ளையாக எரிந்துபோயிருக்கிறது. அடுத்தது சேனல் மாற்றும் விதம்: கட கடவென்று திருப்புகிற குமிழா, அமத்துகிற பொத்தானா. எங்களுடையதில் குமிழ் இல்லை. வலது பக்கத்தில் ஒரு நிரல் பொத்தான், கீழே ஒரு சின்ன மூடி. மூடிக்குள்ளே நகத்தால் சுழற்றுகிற குட்டிச் சக்கரங்கள் இருக்கும். அந்த மூடியைப் பிடுங்கி எடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லமாட்டேன்.

உண்மையான சாட்சி எப்போதும் டீவியின் முதுகில்தான் இருக்கும். சோனி என்றால் மாடல் இலக்கம் கேவி என்று தொடங்கி, அடுத்து வருகிற எண் அங்குலத்தைச் சொல்லும். நேஷனல் கலர் டீவிகள் டிசி என்று தொடங்கும். மூடியைக் கழற்றினால் படக்குழாயிலேயே எழுதியிருக்கும். ஜப்பான் குழாயில் 370 என்று தொடங்கினால் மூலைக்கு மூலை 370 மில்லிமீட்டர், அதாவது 14 அங்குல டீவி. 510 என்றால் 20 அங்குலம். பேர்ப்பட்டையைப் பிடுங்கினாலும், பெட்டியை மாற்றினாலும் குழாய் பொய் சொல்லாது. ஆனால் எங்கள் டீவி சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குழுப்படத்துக்கு நிற்கிற டீவியை யார் திரும்பி நில் என்று சொல்லப்போகிறார்கள்?

இருந்தாலும் ஒன்று அகப்பட்டது. திரையில் எதிர்ப்பக்க யன்னல் தெரிகிறது. யன்னல் கம்பிகள் நெட்டுக்கு நிற்பவை, திரையில் அவை வில் மாதிரி வளைந்திருக்கின்றன. அந்தக் காலத்துச் சோனி டிரினிட்ரான் திரை ஒரு உருளையிலிருந்து வெட்டிய துண்டு போல இருக்கும். இடவலமாக வளைவு உண்டு, மேல்கீழாகத் தட்டை. அதில் நெட்டுக் கம்பி நெட்டாகவேதான் தெரியும். எங்கள் திரை இரண்டு பக்கமும் பிதுங்கிய சாதாரணத் திரை. என் சோனி அங்கேயே செத்தது. குழுவில் அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் எடுத்தது.

அந்த டீவியின் பேரைத் தவிர மற்றதெல்லாம் எங்களுக்கு நினைவிருந்தது, அதுதான் வேடிக்கை. ஸ்டாண்டுக்கு இரும்புக் கதவும் பூட்டும். திறப்பு உப அதிபரின் லாச்சியில். யாரோ ஒரு டீச்சர் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை. 88, 89இல் பள்ளிக்கூடம் நடந்த நாளைவிடப் பூட்டிக் கிடந்த நாள்தான் அதிகம் என்பது போல எனக்கு ஒரு நினைப்பு. திரும்பப் போகிறபோது அந்த உறையில் தூசி படிந்திருக்கும். போட்டவுடன் சூடேறி ஒரு தூசி மணம் வரும். முன்வரிசையில் இருப்பவன் முழங்கையைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனால் மயிர் எல்லாம் எழும்பி நிற்கும், படபடவென்று ஒரு சின்னப் பொரிவு கேட்கும். அதற்காகவே முன்வரிசைக்குச் சண்டை.

அப்புறம் அந்த "ஈ". டீவி போட்டவுடன் வருகிற, ஊசி மாதிரி மெல்லிய, நிற்காத சத்தம். மண்டபத்தின் அடுத்த பக்கத்திலிருந்தே எங்களுக்குத் தெரியும், டீவி போட்டாயிற்று என்று. டீச்சருக்குத் தெரியாது. ஒருநாள் ஒருவன் பாடம் முடிகிற நேரம் பிரைட்னஸை அடியோடு குறைத்துவிட்டான். திரை இருட்டு. டீச்சர் மற்றதையெல்லாம் நிற்பாட்டி, உறையைப் போட்டு, கதவைப் பூட்டிவிட்டுக் கணக்குப் பாடத்துக்கு இடம் விட்டுப் போனார். டீவி உள்ளே எரிந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் சொல்கிறோம், "சேர், டீவி போட்டபடி கிடக்கு." கணக்கு சேர் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஒண்டும் கேக்கேல்லையே, எழுதுங்கோ" என்றார். முப்பத்தைந்து பேருக்குக் கேட்கிறது, ஒரு ஆளுக்குக் கேட்கவில்லை. பொய் சொல்கிறோம் என்று நினைத்து இரண்டு பேரை எழுப்பி நிறுத்தினார். இடைவேளையில் யாரோ கம்பிக்குள்ளால் விரலை விட்டு உறையைத் தொட்டுப் பார்த்தபோது இடியப்பச் சட்டி மாதிரிக் கொதித்தது.

வெள்ளவத்தைக் கடை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் ஒரு டீவி திருத்துகிற கடை இருக்கிறது. எங்கள் வீட்டுத் தட்டை டீவியில் படம் பாதி இருண்டு போனதால் அங்கே போனேன். கடைக்கார அண்ணைக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முழுக்க முழுக்க இப்போது திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருகிற எல்.ஈ.டி. பட்டி மாற்றுகிற வேலைதான். திற, கழற்று, ஒட்டு, பூட்டு. மனுசனுக்குச் சலிப்பு முகத்திலேயே தெரியும். மேசையின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு குழாய் டீவி இருந்தது, 14 அங்குலம். தெகிவளையிலிருந்து ஒரு பாட்டி கொடுத்ததாம். கலியாண வீடியோ கசெட் பார்க்க மட்டும் வைத்திருக்கிறாராம்.

அதைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. போனை நீட்டி எங்கள் வகுப்புப் படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இதில என்னத்தைத் தெரியுது? பெட்டி எல்லாம் ஒரே மாதிரித்தான்" என்றார். பிறகு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது போல, "சத்தம் நல்லா வந்ததோ?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். நாங்கள் பகிடியாகச் சொல்கிற கதை அது. அந்த டீவியில் சத்தம் வராது. வீடியோ டெக்கிலிருந்து ஒரு நீள வயர் இழுத்து, வகுப்புக்குப் பின்னால் அலுமாரிக்கு மேலே வைத்திருந்த ரேடியோ கசெட்டில் கொழுவியிருந்தார்கள். படம் முன்னுக்கு, குரல் பின்னுக்கு. ஒருமுறை இதயம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கசெட். திரையில் இதயம் துடிக்கிறது, அந்த டக் டக் பிடரியில் கேட்கிறது. புதிதாக வந்த ஒருவன் முழுப்பாடமும் திரும்பி அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணை கையிலிருந்த ஈயப்பற்றுக்கோலை ஸ்டாண்டில் வைத்தார்.

"வீடியோ டெக் போடாமல் ரூபவாஹினி எடுக்குமோ?"

யோசித்தேன். எடுக்காது. ரூபவாஹினி என்கிற அரச டீவியில் பாடசாலை நிகழ்ச்சி பார்ப்பதென்றாலும் முதலில் டெக்கைப் போட வேண்டும். டெக் பழுதான தவணையில் டீவியும் சும்மா கிடந்தது. கூரையில் அன்டெனா இருந்தும். அது ஏன் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. டீவி என்றால் டெக்கோடுதான் வரும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சோனி தனியாக ஓடுவதைப் பார்த்தபோதும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

"பிளக் சதுரமோ, உருண்டையோ?"

அது எனக்குத் தெரியவில்லை. குழுவில் ஒரு குரல்பதிவு போட்டேன். கொட்டாஞ்சேனையில் இருப்பவன் இரண்டு நிமிடத்தில் பதில் போட்டான்: "சதுர முள்ளு. சுவரில உருண்டை. நடுவில ஒரு அடாப்டர், ஆடிக்கொண்டே இருக்கும். பேப்பர் மடிச்சு அண்டக் குடுக்கிறது நான்தானே!" முப்பத்தைந்து வருடமாக யாரும் கேட்காத கேள்விக்கு அவன் பதிலை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"அப்ப அது லண்டன் செட்" என்றார் அண்ணை. அவ்வளவுதான். திரும்பக் கோலை எடுத்துக்கொண்டார்.

பிறகு நான் கேட்கக் கேட்கத் துண்டு துண்டாகச் சொன்னார். அப்போது நமக்கும் பிரித்தானியாவுக்கும் பால் (PAL) என்கிற கலர் முறைதான், படத்துக்கு 625 கோடுதான், கரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் அங்கிருந்து கொண்டுவந்த டீவியில் படம் சுகமாக வரும். வித்தியாசம் சத்தத்தில். ஒளிபரப்பில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் ஒரு இடைவெளி வைத்து அனுப்புவார்கள். நமக்கு அது 5.5 மெகாஹேர்ட்ஸ், அவர்களுக்கு 6. லண்டன் டீவி தன் ஊர்க் கணக்கில் 6இல் போய்த் தேடும், அங்கே வெறும் இரைச்சல். இங்கே வாங்கிய டெக் வெளியே அனுப்புகிற சத்தமும் 5.5 கணக்குத்தான், அதனால் டெக் வழியாக வந்தாலும் இரைச்சல். அதுதான் டெக்கிலிருந்தே நேரே வயர் இழுத்து ரேடியோவில் கொழுவியிருக்கிறார்கள். ரூபவாஹினி வராததற்குக் காரணம் வேறு. பிரித்தானியாவில் பழைய 405 கோட்டு ஒளிபரப்பை 1985இல் நிற்பாட்டிவிட்டார்கள். அது வந்த வி.எச்.எஃப். அலைவரிசை டீவிக்கு அதோடு முடிந்தது. கலர் ஒளிபரப்பு முழுக்க அதைவிட உயர்ந்த யு.எச்.எஃப். அலைவரிசையில் என்பதால் அந்த நாட்டு டீவிகளில் பெரும்பாலும் அது மட்டும்தான் இருக்கும். ரூபவாஹினியோ அப்போது எங்களுக்கு வி.எச்.எஃப்.இல் வந்தது. கூரை அன்டெனாவில் வருவது டீவிக்குத் தெரியவே தெரியாது. டெக்குக்கு இரண்டும் தெரியும். அது ரூபவாஹினியைப் பிடித்து, யு.எச்.எஃப்.ஆக மாற்றி டீவிக்கு ஊட்டியிருக்கிறது.

"சத்தம் மாத்துறது அரைமணி வேலை தம்பி. ஒரு ஃபில்டர், ஒரு கொயில் திருப்பு. லண்டனால வந்த எத்தனை செட்டுக்கு நான் செய்திருப்பன். ஏன் செய்யாமல் விட்டவங்கள்?"

அதற்கு எனக்கு விடை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். யாரோ கொடுத்த சாமானைத் திறக்கக்கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அது எழுதாத சட்டம். வெளியூரிலிருந்து வந்த புத்தகங்கள்கூட உறை கிழிக்காமல் கண்ணாடி அலுமாரியில்தான் இருந்தன. டீவியைத் திறப்பதைவிட அலுமாரிக்கு மேலே ரேடியோ வைப்பது பணிவான வழி.

இத்தனை நாளும் நாங்கள் தேடியது பேர்ப்பட்டையை, பொத்தானை, பெட்டியின் நிறத்தை. டீவியைக் காட்டிக்கொடுத்தவை மூன்றும் நாங்கள் பகிடி என்றும் கரைச்சல் என்றும் ஒதுக்கி வைத்தவை. இதையெல்லாம் குழுவில் எழுதிப் போட்டேன். உடனே ஒருவனுக்கு ஞாபகம் வந்தது, டீவியின் பக்கப்பலகையில் வெள்ளைப் பெயின்டால் "அன்பளிப்பு: பழைய மாணவர், லண்டன்" என்று எழுதியிருந்ததாம். இன்னும் நாலு பேர் ஓம் ஓம் என்றார்கள். ஒருவன் எழுத்துக் கோணலாக இருந்தது என்றுகூடச் சொன்னான். இருக்கலாம். நம் பள்ளிக்கூடங்களில் மின்விசிறித் தகட்டில்கூட அன்பளித்தவர் பேர் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் விடை தெரிந்த பிறகு வரிசையில் வந்து நிற்கிற ஞாபகங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. படத்தில் அந்தப் பக்கப்பலகையை நெட்டையன் ஒருவனின் தோள் மறைக்கிறது. எந்தக் கம்பனி என்பது இன்னும் தெரியாது. பிலிப்ஸ்காரன் மட்டும், லண்டனிலும் பிலிப்ஸ் விற்றார்கள்தானே என்று இன்னும் விடாமல் நிற்கிறான். நிற்கட்டும்.

பாட்டியின் டீவி

எங்கள் தட்டை டீவியை எடுக்க அடுத்த கிழமை போனேன். பாட்டியின் டீவியைத் திருத்தி முடித்திருந்தார். "போட்டுக் காட்டுங்கோ அண்ணை" என்றேன். பொத்தானை அமத்தினார். முன்னே தெரிந்த அதே பொரிவு, முழங்கையை நீட்டினேன், மயிர் எழும்பியது. மெல்ல மெல்லப் படம் வெளுத்து வந்தது. நான் காத்திருந்தேன்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"அந்த ஈ எண்ட சத்தம். அது வரேல்லையே. இந்த டீவியில அது இல்லையோ?"

"கோடு கீறாமல் படம் எப்படி வரும்?" என்று சிரித்தார். ஒரு படத்துக்கு 625 கோடு, செக்கனுக்கு 25 படம், பெருக்கினால் 15,625. செக்கனுக்கு அத்தனை தரம் உள்ளே இருக்கிற ஃபிளைபேக் என்கிற சுருள் அதிரும். அதுதான் சத்தம். படம் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும். "எனக்கு அது கேட்டு எத்தினை வருசம். உங்களுக்கும் முடிஞ்சுது போல."

கடையின் மூலையில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தது அவருடைய பேத்தி. ஒன்பது பத்து வயது இருக்கும். தலையை நிமிர்த்தாமலே சொன்னது: "தாத்தா, அதை நிப்பாட்டுங்கோ. காது குத்துது."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அண்ணைக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பிள்ளையை வெளியே படிக்கு அனுப்பினார், தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். டீவியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினோம். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். காலி வீதியில் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது, ரயில் பாதைப் பக்கம் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம், எல்லாம் எனக்கு நன்றாகக் கேட்டது. அண்ணை பொத்தானை அமத்தினார். கை மேலே போனது. நிற்பாட்டினார், இறங்கியது. போட்டார், போனது. நான் கணக்கு சேர் மாதிரி தலையைச் சரித்துக் காதைக் கொடுத்துப் பார்த்தேன். ஏமாற்றலாம் என்று ஒருமுறை பொத்தானைத் தொட்டுவிட்டு அமத்தாமல் விட்டார். கை அசையவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ தரம், கையைத் தூக்கியபடியே திரும்பி எங்களைப் பார்த்தது.

"இன்னும் எத்தினை தரம் தாத்தா? எனக்கு ஹோம்வேர்க் கிடக்கு."